மணி அடிக்கட்டும்

பார்ட்டிக், கிளாஸ்கோ
14 அக்டோபர் 1962

என் அன்பு அம்மாவுக்கு,

நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், நன்றாகத் திட்டும் வாங்குகிறேன். திட்டு எல்லாம் எஃபி சித்தியின் உபயம். வெல்டிங் வேலை முடிந்து கரி பிடித்த சட்டையோடு படியேறினால் மூன்று மாடிக்கும் அவள் குரல் கேட்கும். உன் தங்கைதானே, வேறு எப்படி இருப்பாள்? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய சட்டியை நீயே தூக்காதே. வேறு யாரையாவது தூக்கச் சொல்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. இந்தப் புத்தாண்டுக்கு நான் தீவுக்கு வரவில்லை. இங்கே நண்பர்களோடு கொண்டாடலாம் என்று இருக்கிறேன். கப்பல் கட்டும் தளத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஆர்ச்சி வருவான். பிஸ்கட் ஆலையில் வேலை செய்யும் ரீனா என்ற பெண்ணும் வருவாள். ரீனாவைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவுதான் எழுதுவேன், நீ கேள்வி கேட்காதே. கொண்டாட்டம் எல்லாம் சித்தி வீட்டில்தான்.

சித்திக்கும் நான் இங்கே இருந்தாக வேண்டும். போன புத்தாண்டில் நடந்த கூத்து உனக்குத் தெரியாது. ஹ்யூகி சித்தப்பா நள்ளிரவு மணி அடிக்கிற நேரத்தில் படிக்கட்டுத் திருப்பத்தில் இருக்கும் பொதுக் கழிப்பறையில் உட்கார்ந்திருந்தாராம். மணி அடித்தது, அவர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். மணிக்குப் பிறகு வாசலுக்குள் வைக்கிற முதல் கால்தானே அந்த வருஷத்தின் அதிர்ஷ்டம், அது அவருடையதாகப் போயிற்று. கறுப்பு முடிக்காரன் நிலக்கரித் துண்டோடு வந்து நிற்க வேண்டிய வாசலில் எங்கள் செம்பட்டைத் தலைக் கேரட் சித்தப்பா, ஆகாத சகுனம்! எல்லாரும் சிரித்தார்களாம். ஆனால் மார்ச்சில் சித்தியின் வயிற்றில் இருந்த குழந்தை போய்விட்டது அல்லவா? அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிச் சிரிப்பதில்லை. இந்த வருஷம் முதல் கால் நான்தான் வைக்க வேண்டும் என்று சித்தி இப்போதே சொல்லிவிட்டாள். என் தலை கரிச்சட்டி மாதிரி இருப்பதால் வந்த மரியாதை.

உன் மகன்,
டார்க்கில்


நெஸ், லூயிஸ் தீவு
5 நவம்பர் 1962

அன்புள்ள எஃபி,

நீயும் ஹ்யூகியும் சுகம்தானே? நான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. பசு பால் வற்றிவிட்டது. பாதிரியாருக்கு இருமல், அதனால் பிரசங்கம் சின்னதாகிவிட்டது. யாரும் வருத்தப்படவில்லை. டார்க்கிலுக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். ஒரு ஜோடியை ஹ்யூகி எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்.

பையன் வரவில்லை என்று எழுதியிருந்தான். படித்ததும் கோபம் வந்தது, பிறகு போய்விட்டது. இருபத்திரண்டு வயதுக்காரனுக்கு நம் ஊர்ப் புத்தாண்டில் என்ன இருக்கிறது? யார் அந்த ரீனா? அவன் சொல்ல மாட்டான், நீ சொல்.

போன வருஷம் ஹ்யூகி உள்ளே வந்த கதையையும் எழுதியிருந்தான். எனக்குச் சிரிப்பே வரவில்லை, எஃபி. இந்தத் தடவை ஒழுங்காகச் செய். மணி அடிப்பதற்கு முன்னாலேயே பையனைக் கரித்துண்டோடு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்து. அவன் சும்மா இருக்க மாட்டான். குளிருகிறது என்பான், பூனை மாதிரி கதவைப் பிராண்டுவான், செத்தேன் என்று முனகுவான். இங்கே ஒவ்வொரு வருஷமும் செய்த வேலைதான் அது. ஒரு தடவை நான் ஏமாந்து முன்னாலேயே திறந்துவிட்டேன், அந்த வருஷம்தான் அவன் அப்பா நெஞ்சு வலியில் போனார். என்ன கெஞ்சினாலும் மணி அடிக்கும்வரை திறக்காதே. அவன் உள்ளே வரும்வரை உள்ளே இருக்கிற ஒருத்தரும் வெளியே காலை வைக்கக் கூடாது. ஹ்யூகிக்கு அவசரம் வந்தால் அடக்கிக்கொண்டு உட்காரட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
டோலினா


பார்ட்டிக்
9 டிசம்பர் 1962

என் அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். வெளியே பனி உறைந்து கிடக்கிறது. படியிறங்கவே பயமாக இருக்கிறது.

பயத்துக்குக் காரணம் உண்டு. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன், ஹ்யூகியின் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. மறுபடியும் உண்டாகியிருக்கிறேன். மே மாதம் என்கிறார்கள். சந்தோஷப்படவே பயமாக இருக்கிறது. கட்டிலை விட்டு இறங்கும்போதுகூட யோசித்துத்தான் இறங்குகிறேன்.

நீ எழுதியதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். டார்க்கில் தரையில் புரண்டு சிரித்தான். "அம்மாவுக்கு என் நாடகமெல்லாம் தெரியும் சித்தி, இனிமே புதுசா ஏதாவது கண்டுபிடிக்கணும்" என்றான். ஹ்யூகி வருஷக் கடைசி நாள் சாயங்காலத்திலிருந்து தேநீரே குடிக்கப் போவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறார்.

ரீனா நல்ல பெண். உடைந்த பிஸ்கட்டைப் பை பையாகக் கொண்டுவந்து தருகிறாள். அவன் சொல்வதற்கெல்லாம் சிரிக்க மாட்டாள், அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

நீ சொன்ன மாதிரியே எல்லாம் நடக்கும். கவலைப்படாதே.

உன் எஃபி


பார்ட்டிக்
29 டிசம்பர் 1962

அம்மா,

அவசரமாக நாலு வரி. நான் சுகம். காலுறை கிடைத்தது, ஒன்று ஏற்கெனவே சித்தப்பாவின் காலில் இருக்கிறது. சித்தி வீட்டைத் தேய்த்துக் கழுவி எங்களையும் சேர்த்துக் கழுவாத குறை. கறுப்புப் பழ கேக் வந்தாயிற்று, இஞ்சி ஒயின் வந்தாயிற்று, ஆர்ச்சி விஸ்கியோடு வருகிறான். திங்கட்கிழமை மணி அடித்ததும் ஆற்றில் நிற்கிற அத்தனை கப்பலும் சங்கு ஊதும். அந்தச் சத்தத்தை நீ ஒரு தடவையாவது கேட்க வேண்டும். அடுத்த வருஷம் உன்னைத் தூக்கிக்கொண்டாவது வருவேன்.

ரீனாவைப் பற்றி வசந்த காலத்தில் நேரில் வந்து சொல்கிறேன். அவளும் வருவாள். வீட்டைப் பெருக்கி வை.

டார்க்கில்


பார்ட்டிக்
3 ஜனவரி 1963

அக்கா,

தந்தி வந்திருக்கும். எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

தெருவில் பனியில் வழுக்கி விழுந்துவிட்டான். நடைபாதை விளிம்பில் பின்தலை அடிபட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவன் கஷ்டப்படவில்லை. யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்கள்.

ஹ்யூகி அவனைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார். நான் இந்த உடம்போடு கப்பல் ஏற வேண்டாம் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். மன்னித்துக்கொள். மன்னித்துக்கொள் அக்கா.

எஃபி


நெஸ்
22 ஜனவரி 1963

எஃபி,

நீ சுகமாக இருக்க வேண்டும். வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்க வேண்டும். நான் சாப்பிடுகிறேனா என்று கேட்பாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊட்டாத குறையாகச் சாப்பிட வைக்கிறார்கள்.

புதைத்துவிட்டோம். அவன் அப்பாவுக்குப் பக்கத்தில். ஊரில் இருக்கிற ஆண்கள் எல்லாரும் முறைபோட்டுத் தூக்கிப் போனார்கள். நம் வழக்கப்படி பெண்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டோம். பெட்டி மேட்டைத் தாண்டும்வரை பார்த்தேன்.

அவன் எழுதிய கடைசிக் கடிதம் தந்திக்கு அடுத்த நாள் வந்தது. ரீனாவைக் கூட்டிக்கொண்டு வருகிறானாம். வீட்டைப் பெருக்கி வைக்கச் சொல்கிறான். பெருக்கினேன், எஃபி. என்ன செய்வதென்று தெரியாமல் பெருக்கினேன்.

ஹ்யூகி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றவில்லை. பாதிரியார் ஜெபம் பண்ணும்போது மட்டும் கழற்றினான், உடனே போட்டுக்கொண்டான். நான் கேட்டதற்கெல்லாம் "எஃபி எழுதுவா, எஃபி எழுதுவா" என்றான்.

அதனால் உன்னைக் கேட்கிறேன். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். அவன் விழுந்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்? யாராவது அவன் கையைப் பிடித்திருந்தார்களா? ஏதாவது பேசினானா? அது தெரிந்தால் எனக்குத் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

உனக்குப் பையன் பிறந்தால் டார்க்கில் என்று பெயர் வை. அதுவும் நான் கேட்பது.

உன் அக்கா


பார்ட்டிக்
18 மார்ச் 1963

அன்புள்ள அக்கா,

தாமதமாக எழுதுகிறேன், கோபிக்காதே. கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி பரவாயில்லை. முழங்கால் எப்படி? இங்கே பனி இப்போதுதான் உருகத் தொடங்கியிருக்கிறது.

அவன் துணிமணிகளைத் துவைத்துத் தேய்த்துப் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறேன். வேலைச் சட்டையில் இருந்த கரி முழுதும் போகவில்லை. தளத்துக்காரர்கள் பூ வைத்தார்கள். ஆர்ச்சி இப்போது எங்கள் பக்கம் வருவதில்லை. ஹ்யூகிக்கு வேலை மாலை நேரத்துக்கு மாறிவிட்டது.

நீ கேட்டாய். ஆர்ச்சி அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். எல்லாரும் பக்கத்தில்தான் இருந்தோம்.

பசு கன்று போட்டதா? எழுது.

எஃபி


நெஸ்
11 ஜூன் 1963

எஃபி,

உனக்குப் பையன் பிறந்ததை ஹ்யூகி இரண்டு வரியில் எழுதியிருந்தான். நீ எழுதவில்லை. நீயும் குழந்தையும் நலம் என்று படித்ததும் முழங்காலைப் பொருட்படுத்தாமல் மண்டியிட்டு நன்றி சொன்னேன். வலி பிறகுதான் தெரிந்தது.

ஈவன் என்று பெயர் வைத்திருக்கிறீர்களாம். நல்ல பெயர்தான். ஹ்யூகியின் வீட்டில் அந்தப் பெயரில் யாரும் இல்லை, நம் வீட்டிலும் இல்லை. எங்கிருந்து பிடித்தாய்? என் மகன் பெயரை வைத்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதியிருக்கலாம். எனக்கு இருந்தது ஒரே பையன், கேட்டது ஒரே பெயர். இதற்கு மேல் எழுதினால் கெட்ட வார்த்தை வரும்.

குழந்தைக்குப் போர்வை பின்னி அனுப்பியிருக்கிறேன்.

டோலினா


நெஸ்
27 ஆகஸ்ட் 1963

எஃபி,

உன் சுகத்தை இன்றைக்கு நான் விசாரிக்கப் போவதில்லை.

ரீனா வந்திருந்தாள். தனியாகக் கப்பல் ஏறி, வழியெல்லாம் வாந்தி எடுத்து, கல்லறையைப் பார்க்க வந்தாள். மூன்று நாள் என்னோடு இருந்தாள். மூன்றாம் நாள் நான் சொன்னேன், "எல்லாரும் அவன் பக்கத்துலதான் இருந்தீங்களாமே, அதுவே எனக்குப் போதும்மா." அந்தப் பெண் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"யாரும் பக்கத்துல இல்லம்மா. நாங்க உள்ள இருந்தோம். அவர் கதவத் தட்டினார். நாங்க தொறக்கல."

தட்டினானாமே, எஃபி. கீழே விழுந்து மண்டை உடைந்து மூன்று மாடி ஏறி வந்து தட்டினானாமே. உள்ளே இருந்து நீ சிரித்தாயாமே. இந்தப் பெண் திறக்கலாம் என்று எழுந்தபோது கையைப் பிடித்து உட்கார வைத்தாயாமே. எட்டு மாதமாக எனக்கு என்ன எழுதிக்கொண்டிருந்தாய்? ஆர்ச்சி தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்! பசு கன்று போட்டதா!

தெருநாய் வந்து பிராண்டினால்கூடத் திறந்து பார்ப்பார்கள். என் பிள்ளைக்கு ஒரு கதவு திறக்க உனக்குக் கை வரவில்லை. நீ என் வயதான காலத்தில் எனக்குத் துணை என்று நினைத்திருந்தேன். உன்னைப் போல் கல் நெஞ்சுக்காரியை நான் பார்த்ததில்லை.

இது உண்மையா பொய்யா எழுது. முழுதும் எழுது. எழுதாவிட்டால் எனக்குத் தங்கை இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

டோலினா


பார்ட்டிக்
15 செப்டம்பர் 1963

அக்கா,

உடல்நலம் கேட்காமல் எழுதினாய், அது சரிதான். நான் கேட்கிறேன். உன் முழங்காலும் நெஞ்சும் தாங்க வேண்டும், நான் எழுதப் போவதைப் படிக்க.

ரீனா சொன்னது உண்மை. அவள் எனக்காகக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

அவனை வெளியே அனுப்பினோம். கையில் கரித்துண்டு, சட்டைப் பையில் சின்ன விஸ்கிப் புட்டி. "படியிலயே நில்லுடா" என்றேன். "படியில நின்னா கப்பல் தெரியாது சித்தி, கீழ போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று இறங்கிப் போனான். நாங்கள் கதவைச் சாத்தி வானொலியைப் போட்டு உட்கார்ந்தோம்.

மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

ஆர்ச்சி, "டேய், நாடகம் போடாத!" என்று கத்தினான். வெளியிலிருந்து மறுபடி தட்டினான். "சித்தி, தொற" என்றான். குரல் குழறி வந்தது. விஸ்கியைக் காலி பண்ணிவிட்டான் என்று ஆர்ச்சி சிரித்தான், எல்லாரும் சிரித்தோம். "மணி அடிக்கட்டும்டா, இன்னும் கொஞ்சம்தான்!" என்று நான் சொன்னேன். அவன், "சித்தி, தலை வலிக்குது" என்றான். அக்கா, அவன் அதைச் சொன்னான். நான் கேட்டேன். "வலிக்கும் வலிக்கும், தொறந்ததும் சரியாயிடும்" என்று சொன்னேன்.

ரீனா மட்டும் சிரிக்கவில்லை. "நெஜமாவே ஏதோ ஆயிருக்கு, தொறந்து பாக்கலாம்" என்று எழுந்தாள். நான்தான் கையைப் பிடித்தேன். "போன வருஷம் இப்படித்தான் போச்சு எனக்கு. இந்த வருஷமும் போகணுமா?" என்று கேட்டேன். என் வயிற்றைப் பார்த்துவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். கதவைப் பிராண்டுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

மணி அடித்தது. கப்பல்கள் சங்கு ஊத ஆரம்பித்தன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நாங்கள் கோப்பையோடு கதவைப் பார்த்து நின்றோம். அவன் தட்டவில்லை. வேண்டுமென்றே காக்க வைக்கிறான் என்று நினைத்தோம். சங்கு எல்லாம் ஓய்ந்தது. அப்போதும் தட்டவில்லை. ஹ்யூகி, "நான் போய்ப் பாக்குறேன்" என்றார். நான் அவரைப் பார்த்துக் கத்தினேன். "நீ வெளிய போனா திரும்பி வர்றது யாரு? மறுபடியும் நீதானே?" என்றேன். அவர் அங்கேயே நின்றுவிட்டார். உள்ளே இருப்பவர் எவரும் வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான் எங்கள் மூளையில் இருந்தது. ஆர்ச்சி பாட ஆரம்பித்தான்.

கடைசியில் கதவு தட்டப்பட்டது. எல்லாரும் ஓ என்று கூவிக்கொண்டு ஓடினோம். திறந்தால் மேல்மாடி டெம்ப்ஸி கிழவர் நிற்கிறார். "உங்க பையன் படிக்கட்டுத் திருப்பத்துல கெடக்கான், யாருக்கும் காது கேக்கலியா?" என்றார். அந்த ஆண்டு எங்கள் வீட்டில் முதல் கால் வைத்தவர் அவர்தான்.

அவனுக்கு அப்போதும் மூச்சு இருந்தது. உள்ளங்கை முழுக்கக் கரி. நான் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன், கூப்பிட்டேன். கண்ணைத் திறக்கவில்லை. தெருவில் வழுக்கி விழுந்தான் என்பதே நடைபாதை விளிம்பில் இருந்த ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் மருத்துவர், "இன்னும் முன்னாலேயே..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். விடியும் முன் போய்விட்டான்.

நீ கேட்டது இதுதான். யாரும் பக்கத்தில் இல்லை. ஒரு கதவுப் பலகை தூரத்தில் நாங்கள் எல்லாரும் இருந்தோம், ஆனால் பக்கத்தில் இல்லை.

பெயரைப் பற்றிக் கேட்டாய். அதே வீடு, அதே கதவு. ஒரு பையன் வெளியே விளையாடிக்கொண்டிருக்க, அந்தப் பெயரைச் சொல்லி உள்ளே வா என்று நான் எப்படிக் கூப்பிடுவேன்? அதனால்தான் யாருக்கும் சொந்தமில்லாத பெயராகத் தேடினேன்.

நீ என்னைத் திட்டிய வார்த்தையெல்லாம் எனக்குத் தகும். முழு உண்மையும் எழுதிவிட்டேன்.

எஃபி


நெஸ்
8 டிசம்பர் 1963

எஃபி,

இத்தனை நாள் எழுதாததற்கு நோய் எதுவும் காரணமில்லை. உன் கடிதத்தை ஒரு தடவை படித்து மூடி வைத்துவிட்டேன். உன்னை வெறுப்பது எனக்கு ஒருவிதத்தில் சௌகரியமாக இருந்தது. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்தது.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கிறவள் அவள் பையனைப் பற்றிப் பேசினாள். புத்தாண்டுக்கு அவனைத்தான் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அனுப்பப் போகிறார்களாம். "மணிக்கு முன்னாடி மட்டும் தொறந்துடாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

பூனை மாதிரி பிராண்டுவான், ஏமாறாதே. செத்தேன் என்று முனகுவான், திறக்காதே. யாரும் வெளியே காலை வைக்கக் கூடாது. இதை யார் எழுதினார்கள், எஃபி? நான்தானே எழுதினேன்? சிரித்துக்கொண்டே எழுதினேன். நீ அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டியதாகவும் எழுதியிருந்தாய். அவன் குழறியது உங்களுக்கு நாடகமாகக் கேட்டதற்குக் காரணம் நான்தான். அது நாடகம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தவள் நான்.

ஒரு வருஷமாக உனக்கு இது தெரியும். ஜனவரியில் தெரியும், ஆகஸ்டில் நான் உன்னைக் கல் நெஞ்சுக்காரி என்று திட்டியபோதும் தெரியும். அப்போதுகூட "நீ சொன்னதைத்தானே செய்தேன்" என்று ஒரு வார்த்தை நீ எழுதவில்லை. முழு உண்மையும் எழுதிவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டாய். எழுதவில்லை. என்னை மட்டும் விட்டுவிட்டாய்.

எனக்கு இது வேண்டாம், எஃபி. என்னைக் காப்பாற்றாதே. அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் அனுப்பு. இல்லாவிட்டால் ஒரு வரி எழுது: நீ சொன்னாய், நான் செய்தேன் என்று. உன் கையால் எழுதிப் பார்த்தால்தான் என் தலையில் ஏறும். அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்காரலாம்.

குழந்தைக்குப் பல் வந்துவிட்டதா?

டோலினா


பார்ட்டிக்
28 டிசம்பர் 1963

என் அன்பு அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். ஈவனுக்குக் கீழே இரண்டு பல் வந்திருக்கிறது, நீ பின்னிய போர்வையைத்தான் கடித்துக்கொண்டிருக்கிறான். முடி செம்பட்டை. உன் முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன், சூடு பண்ணித் தேய். இந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்கு யாரையும் கூப்பிடவில்லை. சீக்கிரம் படுத்துவிடுவோம்.

நீ சொல்கிற அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. உன் கடிதம் வந்ததும் தேடி எடுத்துப் படித்துப் பார்த்தேன். பசு பால் வற்றியதை எழுதியிருக்கிறாய். பாதிரியாரின் இருமலைப் பற்றி எழுதியிருக்கிறாய். காலுறையை ஹ்யூகி எடுத்துவிடாமல் பார்த்துக்கொள் என்கிறாய், ரீனா யார் என்று கேட்கிறாய். கடைசியில் உடம்பைப் பார்த்துக்கொள் என்று முடித்திருக்கிறாய். அவ்வளவுதான் அதில் இருக்கிறது. கதவைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. நான் எல்லாருக்கும் வாசித்துக் காட்டியதும் அந்தக் காலுறை விஷயத்தைத்தான்.

அனுப்பச் சொல்கிறாய். அனுப்பியிருப்பேன், ஈவன் பிடித்து இழுத்து அடுப்பில் போட்டுவிட்டான்.

கதவைச் சாத்தச் சொன்னதும் நான்தான், திறக்க வேண்டாம் என்றதும் நான்தான். நீ அப்படி எழுதவே இல்லை அக்கா.

வசந்த காலத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

உன் தங்கை,
எஃபி